சூடு ஆறாத சோறு
(நமது கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



போன வாரம் தலைவி என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் பள்ளிக்கூடத்துல காலை உணவு சமைக்கிறீங்கல்லா, சாப்பாட்டைப் பத்தி ஏதாவது பேசுங்க" என்று சொன்னார்கள். சத்துணவு, சிறுதானியம், இரும்புச்சத்து எல்லாம் நீங்கள் ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள். அதனால் நான் வேற ஒண்ணு எடுத்துக்கிட்டேன். சமைத்த சாப்பாட்டைச் சூடு ஆறாமல் வைப்பதற்கு மனுஷங்க என்னென்ன பாத்திரம் செய்தார்கள் என்பதுதான் என் பேச்சு.

"இதுல பேச என்ன இருக்கு, ஹாட் பாக்ஸ் வாங்கினா முடிஞ்சது" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது காதில் விழுது. அந்த ஹாட் பாக்ஸைப் பத்தித்தான் அடுத்த மாதக் கூட்டத்தில் நாம் தீர்மானம் போடப் போகிறோம். சமையல் ஆர்டர் எடுக்கும் குழுக்களுக்காகக் கூட்டமைப்புப் பணத்தில் பெரிய சூடுகாக்கும் பாத்திரங்கள் வாங்கலாமா, அல்லது அந்தப் பணத்தை வேறு எதற்காவது வைக்கலாமா என்று கேள்வி வந்திருக்கிறது. கையைத் தூக்கி ஓட்டுப் போடுவதற்கு முன்னால் அந்தப் பாத்திரத்தின் கதை நமக்குத் தெரிஞ்சிருக்கணும். அதற்காகத்தான் இந்தப் பேச்சு.

சூடு எப்படிப் போகுது?

முதலில் ஒரு விஷயம். எந்தப் பாத்திரமும் தானாகச் சூட்டை உண்டாக்காது. அடுப்பு கொடுத்த சூட்டைப் பிடித்து வைப்பது மட்டும்தான் அதன் வேலை. சூடு முக்கியமாக மூணு வழியில் தப்பிக்கும். ஒண்ணு, ஆவியாக மேலே போகும். இரண்டாவது, தொட்டுக்கொண்டிருக்கும் தரை, கரண்டி, தட்டு வழியாக இறங்கும். மூணாவது, சுற்றியிருக்கும் காற்று அதை இழுத்துக்கொண்டு போகும்.

இதை நம்ம ஆச்சிமார் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்து வைத்திருந்தார்கள். ஆவி போகாமல் இருக்கத் தட்டைப் போட்டு மூடினார்கள். தரை இழுக்காமல் இருக்க அடியில் பிரிமணை வைத்தார்கள். காத்து படாமல் இருக்கத் துணியால் சுத்தினார்கள். பிரிமணை பானை உருளாமல் நிற்பதற்காக மட்டும் இல்லை. வைக்கோலும் தென்னை நாரும் சூட்டைக் கடத்தாது. சிமெண்டுத் தரையில் நேராக வைத்த பானையையும் பிரிமணையில் வைத்த பானையையும் ஒரு மணி நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

உலகம் முழுக்கச் செய்த பாத்திரங்களை எல்லாம் கூட்டிப் பார்த்தாலும் உபாயம் மூணுதான். அடியில் கனல் வைப்பது, சுற்றிலும் வெந்நீர் ஊற்றுவது, போர்த்தி அடைப்பது. இந்த மூணையும் வரிசையாகச் சொல்லுதேன்.

அடியில் கனல்

நம்ம மாவட்டத்தில் தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூர் இருக்கிறது. பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். அங்கே 1876-ல் ஜாகோர் என்ற ஜெர்மானியர் தோண்டினார். பிறகு 1899-லிருந்து சில வருஷங்கள் அலெக்சாண்டர் ரீ என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டினார். தாழிகளோடு மண்கலங்களும் வெண்கலப் பாத்திரங்களும் அவற்றின் மூடிகளும் வெளியே வந்தன. இறந்தவர்களோடு புதைத்தவை அவை. போற உயிருக்கும் கலத்தை மூடியோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள் பாருங்கள். பாத்திரம் என்றால் மூடியும் சேர்ந்ததுதான் என்கிற எண்ணம் இந்த மண்ணில் அவ்வளவு பழசு.

அடுத்தது கனல். சோறு வடித்த பிறகு விறகை வெளியே இழுத்துவிட்டு, அடுப்பில் கிடக்கிற தணலைச் சாம்பலால் மூடி, அதன்மேல் குழம்புச் சட்டியை வைப்பது நம் வீடுகளில் வழக்கம். சாம்பல் இருந்தால் தணல் சீக்கிரம் அணையாது, சட்டியும் அடிப்பிடிக்காது. கும்முட்டி அடுப்பும் இதே வேலையைச் செய்தது. விளாத்திகுளம் பக்கம் கரிமூட்டம் போட்டு எடுத்து வரும் கரி இரண்டு துண்டு போட்டால் ஒரு சட்டிப் பால் ராத்திரி வரை ஆறாது. வீட்டில் பிள்ளை பெத்தவள் இருந்தால் அந்தக் கும்முட்டி அணையவே அணையாது.

ஐரோப்பாவிலும் இதைத்தான் செய்தார்கள். அடியில் கரி போட ஒரு கிண்ணம், மேலே காலோடு கூடிய ஒரு தட்டு. செம்பில் செய்தார்கள், பித்தளையில் செய்தார்கள், பணக்காரர்கள் வெள்ளியில் செய்தார்கள். கரிக்குப் பதிலாகப் பிறகு சாராய விளக்கு வந்தது. இன்றைக்கு நம்ம ஊர்க் கல்யாண மண்டபங்களில் நின்றுகொண்டு சாப்பிடும் பந்தியில் வரிசையாக நீள எவர்சில்வர் பாத்திரம் வைத்திருக்கிறார்களே, அடியில் சின்ன டப்பாவில் நீல நிறமாகத் தீ எரியுமே, அது அந்தப் பழைய கரித் தட்டின் பேத்திதான். அதற்கும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. சமையல் காண்டிராக்டர்கள் அதை 'சேஃபிங் டிஷ்' என்பார்கள்.

கனலில் ஒரு தொல்லை உண்டு. யாராவது பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். கூடினால் அடிப்பிடிக்கும், குறைந்தால் அணையும். நம்ம கடற்கரையில் முத்துக்குளித்த காலத்தை நினைத்துப் பாருங்கள். படகுகள் ராத்திரியில் கரைக்காற்றில் கிளம்பி, விடிந்ததும் குளித்து, மதியத்துக்கு மேல் கடற்காற்றில் திரும்பும். தூத்துக்குடியில் 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. எத்தனை படகு போச்சு, எத்தனை சிப்பி வந்தது, ஏலம் எவ்வளவு என்றெல்லாம் கணக்கு எழுதினார்கள். அரை நாள் தண்ணிக்குள்ளேயே கிடந்து குளிர்ந்து வந்தவனுக்குச் சூடாக ஒரு வாய் கஞ்சி இருக்கணும் என்று எத்தனை வீட்டில் எத்தனை பெண்கள் தணலை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்? அந்தக் கணக்கை யாரும் எழுதவில்லை.

சுற்றிலும் வெந்நீர்

இரண்டாவது உபாயம் வெந்நீர். இது பெரிய வீட்டுக்காரர்கள் கதை.

18, 19-ம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் பெரிய மனிதர்கள் மேசையில் ஒரு விதமான தட்டு இருந்தது. பார்ப்பதற்குச் சாதாரணப் பீங்கான் தட்டுப் போலத்தான் இருக்கும். ஆனால் அதற்கு இரண்டு அடி, நடுவில் வெற்றிடம். ஓரத்தில் ஒரு சின்ன மூக்கோ துளையோ இருக்கும். அது வழியாக வெந்நீரை ஊற்றிவிட்டு மேலே சாப்பாட்டைப் பரிமாறுவார்கள். சாப்பிட்டு முடிக்கும் வரை தட்டு சுடும். இவற்றில் நிறைய, சீனாவில் நீலப் பூ வரைந்து செய்து கப்பலில் ஐரோப்பாவுக்குப் போனவை. இங்கிலாந்திலும் வெள்ளி முலாம் பூசிய உலோகத்திலும் பீங்கானிலும் செய்தார்கள்.

ஏன் அப்படி ஒரு தட்டு தேவைப்பட்டது? அவர்களுடைய சமையலறை ஒரு மூலையில் இருக்கும், சாப்பாட்டு அறை இன்னொரு மூலையில் இருக்கும். இடையில் நீண்ட நடை. வேலைக்காரர்கள் தூக்கிக்கொண்டு வருவதற்குள் கறி ஆறிப் போகும். நம்ம நாட்டில் வெள்ளைக்காரர்கள் கட்டிய பங்களாக்களில் புகை வரக் கூடாது, சமைக்கிற ஆள் கண்ணில் படக் கூடாது என்று சமையல்கட்டையே தனியாகப் பின்னால் தள்ளிக் கட்டினார்கள். நம்ம தூத்துக்குடி போர்ச்சுக்கீசியர் கையிலிருந்து 1658-ல் டச்சுக்காரர் கைக்கும், 1825-ல் ஆங்கிலேயர் கைக்கும் போன ஊர். துரைமார் வீட்டில் மேசைக்கும் அடுப்புக்கும் இருந்த தூரத்தை நடந்து தீர்த்தவர்கள் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. சமைக்கிற ஆளைத் தூரத்தில் வைத்ததால் வந்த பிரச்சினைக்குத்தான் அந்த அழகான தட்டு பதிலாக வந்தது.

அதே தட்டு கொஞ்ச காலம் கழித்து வேறு ஒரு வேலைக்கு வந்தது. மெதுவாகச் சாப்பிடுகிற குழந்தைக்கு, நோயாளிக்கு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடியில் தகரமோ உலோகமோ, மேலே படம் போட்ட பீங்கான் என்று குழந்தைகளுக்கான வெந்நீர்த் தட்டுகள் வெளிநாட்டுக் கடைகளில் நிறைய விற்றன. பிள்ளைக்கு ஒரு வாய் ஊட்டக் கால் மணி நேரம் ஆகும் என்பது எந்த நாட்டுத் தாய்க்கும் தெரியும்தானே. நம் வீட்டில் அகலமான சட்டியில் வெந்நீர் ஊற்றி, அதற்குள் பால் கிண்ணத்தை வைக்கிறோம். உபாயம் ஒண்ணுதான், நம்மிடம் தட்டுக்குப் பேர் இல்லை, அவ்வளவுதான்.

போர்த்தி அடைப்பது

மூணாவது உபாயம்தான் ஏழைகள் கண்டது. இதற்குத் தீ வேண்டாம், காவல் வேண்டாம். போர்த்திவிட்டுப் போய்க்கொண்டே இருக்கலாம்.

நம்ம பக்கத்தில் பனை நிற்காத ஊர் கிடையாது. ஓலைப்பெட்டி, நார்ப்பெட்டி, கொட்டான், கடகம் என்று எத்தனை வகை! மணப்பாட்டில் பெண்கள் இன்றைக்கும் ஓலையில் விதவிதமாக முடைந்து வெளியூருக்கு அனுப்புகிறார்கள். ஓலைப்பெட்டியில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சூட்டைப் பிடித்து வைக்கும், அதே நேரம் ஆவியை மெதுவாக வெளியே விடும். அதனால் இட்லியோ கொழுக்கட்டையோ வைத்தால் வேர்த்து வழவழத்துப் போகாது. பிளாஸ்டிக் டப்பாவில் வைத்தால் மூடியில் தண்ணி கோத்து அப்படியே சொட்டும்.

எங்க ஆச்சி உப்பளத்து வேலைக்குப் போனவள். விடியும் முன்னால் கிளம்ப வேண்டும். தூக்குச்சட்டியில் சோற்றை அமுக்கி, மேலே குழம்பு ஊற்றி, மூடி, பழைய சேலைத் துணியில் நாலு சுத்துச் சுத்தி, ஓலைப்பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போவாள். சோற்றை ஏன் அமுக்குகிறாய் என்று சின்ன வயதில் கேட்டேன். "ஏட்டி, சட்டியில எடம் இருந்தா காத்து இருக்கும், காத்து இருந்தா ஆறிப்போவும்" என்றாள். இன்றைக்குக் கம்பெனி ஹாட் பாக்ஸோடு வரும் தாளிலும் அதைத்தான் எழுதியிருக்கிறார்கள்: பாத்திரத்தை நிரப்பி வையுங்கள், பாதியாக வைக்காதீர்கள் என்று.

இதே போர்த்துகிற வேலையை 1867-ல் பாரிஸ் மாநகரில் நடந்த உலகக் கண்காட்சியில் நார்வே நாட்டுக்காரர் சோரன்சன் என்பவர் பெட்டியாகச் செய்து காட்டினார். பெட்டிக்குள் கனமான மெத்தை மாதிரி அடைப்பு, நடுவில் பாத்திரம். அடுப்பில் கொதித்த பாத்திரத்தை அப்படியே இறக்கி அதற்குள் வைத்து மூடிவிட்டால், தீயில்லாமலே மீதி வேக்காடு உள்ளேயே நடக்கும். வைக்கோல் அடைத்தும் இதைச் செய்தார்கள். இரண்டு உலகப் போர்களின் போதும் எரிபொருள் தட்டுப்பாடு வந்தபோது, இங்கிலாந்தில் குடும்பப் பெண்களுக்கு இந்த வைக்கோல் பெட்டியைச் செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள்.

நமக்குப் பக்கத்திலேயே ஒரு நல்ல உதாரணம் உண்டு. கேரளத்தில் 1962-ல் தொடங்கிய கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் இந்தப் பெட்டியை வீடு வீடாகக் கொண்டு போனது. அதற்கு அவர்கள் வைத்த பேர் 'சூடாறாப்பெட்டி'. மலையாளம் தெரியாத நமக்கும் பேரைக் கேட்டதும் புரியுது பாருங்கள். சோற்றைக் கொஞ்ச நேரம் கொதிக்கவிட்டு இறக்கி அந்தப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போகலாம். திரும்பி வரும்போது சோறு வெந்து சூடாகவே இருக்கும். அடுப்பு முன்னால் நிற்கிற நேரமும் மிச்சம், கேஸும் மிச்சம்.

இதை நாமே செய்யலாம். ஒரு மரப்பெட்டியோ கனமான அட்டைப்பெட்டியோ எடுத்துக்கொள்ளுங்கள். அடியிலும் நாலு பக்கமும் நாலு அங்குலக் கனத்துக்கு வைக்கோலோ பழந்துணியோ பஞ்சோ இறுக்கமாக அடையுங்கள். நடுவில் பானை சரியாகப் பொருந்தும் அளவுக்குக் குழி விடுங்கள். மேலே போட ஒரு கனத்த தலையணை தையுங்கள். அரிசி நன்றாகக் கொதித்து ஐந்து முதல் பத்து நிமிஷம் ஆனதும் இறுக மூடி உள்ளே வைத்து, ஒரு மணி நேரத்துக்குத் திறக்கவே கூடாது. "வெந்துட்டுதா" என்று ஒரு தடவை எட்டிப் பார்த்தால் சூடு போய்விடும். வடிக்கும் சோற்றை விட இதற்குத் தண்ணீர் குறைவாக வையுங்கள், உள்ளே ஆவி போகாது. கறி, மீனுக்கு இது வேண்டாம். அவற்றை அடுப்பிலேயே முழுசாக வேக வையுங்கள்.

பிளாஸ்க் வந்த கதை

போர்த்துவதிலேயே ஒரு படி மேலே போனதுதான் பிளாஸ்க். காற்றுதான் சூட்டை இழுக்கிறது என்றால் சுற்றிலும் காற்றே இல்லாமல் செய்தால் என்ன? 1892-ல் ஜேம்ஸ் டூவர் என்ற விஞ்ஞானி லண்டனில் அதைச் செய்தார். இரண்டு கண்ணாடிச் சுவர், நடுவில் காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம், உள்பக்கம் வெள்ளிப் பூச்சு. அவர் செய்தது சூட்டைக் காக்க இல்லை. திரவமாக்கிய வாயுக்களைக் குளிர் மாறாமல் வைக்கச் செய்தார். குளிரைக் காக்கிறது சூட்டையும் காக்கும் என்று பார்த்து, ஜெர்மனியில் 1904-ல் 'தெர்மோஸ்' என்ற பேரில் விற்க ஆரம்பித்தார்கள்.

நம்ம ஊரில் பிளாஸ்க்கை முதலில் பார்த்தது எங்கே என்று கேட்டால் நிறையப் பேர் ஆஸ்பத்திரி என்றுதான் சொல்வீர்கள். பிரசவத்துக்குப் போனவளுக்கு வெந்நீரும் காப்பியும் அதில்தான் போகும். கை தவறி விழுந்து உள்ளே கண்ணாடி உடையும் சத்தத்துக்குப் பயந்து அதைப் பிள்ளை மாதிரி தூக்கிக்கொண்டு நடப்போம். அதன் பிறகுதான் நடுவில் நுரை அடைத்த பிளாஸ்டிக் ஹாட் பாக்ஸும், உள்ளே எவர்சில்வர் வைத்ததும் வந்தன. இன்றைக்குக் கல்யாணச் சீர்வரிசையில் அது இல்லாத வீடு இல்லை. பாதி வீட்டில் சீர் கொடுத்த அட்டைப்பெட்டியோடு அலமாரி மேலேயே இருக்கு, அது வேற விஷயம்.

எவர்சில்வர் வந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு. முன்பு பித்தளைப் பாத்திரத்தில் ஈயம் பூசாமல் புளிக்குழம்பை வைத்தால் களிம்பு ஏறும். நேரம் போகப் போகத் தொல்லைதான். எவர்சில்வரில் அந்தப் பயம் இல்லை. டிபன் கேரியரும் அதனால்தான் நம்மிடம் நிலைத்தது. மும்பையில் 1890 வாக்கில் தொடங்கிய டப்பாவாலாக்கள் வீட்டுச் சாப்பாட்டை அடுக்குப் பாத்திரத்தில் அலுவலகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். அவர்களுடைய சாமர்த்தியம் வேகத்தில் இருக்கிறது. தூரத்தைச் சீக்கிரம் கடந்தால் அதுவே பாதிச் சூடு.

நம்ம பிள்ளைகள் தட்டு

தூரத்தைக் குறைப்பது என்று சொன்னதும் பள்ளிக்கூடம் நினைவுக்கு வருது. 1956-ல் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது நம்ம மாவட்டத்து எட்டயபுரத்தில்தான். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25-ல் திருக்குவளையிலிருந்து மாநிலம் முழுவதும் 31,008 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குப் போனது. கிராமங்களில் இதற்கு அடுப்பு மூட்டுவது யார்? நம்மைப் போன்ற சுய உதவிக்குழுப் பெண்கள்தான்.

காலையில் நாங்கள் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ செய்து இறக்கியதும் பத்தடி தூரத்தில் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஹாட் பாக்ஸுக்கு வேலையே இல்லை. தட்டில் போட்டதும் ஆவி பறக்கும். "ஆச்சி, சுடுது" என்று ஒரு பிள்ளை சொல்லும். அந்த வார்த்தையைக் கேட்பதற்காகவே இருட்டோடு எழுந்து போகலாம். உலகத்தில் செய்த சூட்டுப் பாத்திரங்கள் எல்லாவற்றையும் விடப் பெரியது, சமைக்கிற இடமும் சாப்பிடுகிற இடமும் பக்கத்தில் இருப்பதுதான்.

வெதுவெதுப்பு என்னும் ஆபத்து

இப்போது சமையல் ஆர்டர் எடுக்கிறவர்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பாடு நல்ல சூடாக இருந்தால் பயமில்லை. வெதுவெதுப்பாக ரொம்ப நேரம் இருந்தால்தான் ஆபத்து. உலகச் சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது: சமைத்த சாப்பாடு பரிமாறும் வரை 60 டிகிரி செல்சியஸுக்கு மேல் இருக்க வேண்டும். சமைத்ததை வெளியே வெறுமனே 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

சோற்றில் ஒரு கிருமி உண்டு. கொதித்தாலும் அதன் விதை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் அது முளைத்துப் பெருகி விஷம் உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த விஷம் போகாது. அப்படியானால் பழைய சோறு? பழைய சோற்றைத் தண்ணி ஊற்றி வைக்கிறோம், புளித்து, அந்தப் புளிப்பே அதைக் காக்கிறது. தண்ணி ஊற்றாமல் பாதிச் சூட்டில் மதியம் வரை மூடி வைத்த தக்காளி சாதம் வேறு, பழைய சோறு வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

போன வருஷம் நம்ம குழு ஒன்று ஓர் அலுவலகக் கூட்டத்துக்கு 80 சாப்பாடு கொடுத்தது. சொன்ன நேரத்துக்குப் பன்னிரண்டரை மணிக்கே கொண்டுபோய் இறக்கினார்கள். கூட்டம் முடிய மூணு மணி ஆனது. அலுமினியக் குண்டானில் தட்டு மூடி வைத்திருந்த சாம்பார் சாதம் ஆறிப் போயிருந்தது. "ருசியே இல்ல" என்று பணத்தில் பிடித்துக்கொண்டார்கள். அவங்க கூட்டம் நீண்டதற்கு நம்ம பொம்பளைங்க பணம் கட்டினார்கள். சரியான பாத்திரம் இருந்திருந்தால் அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுத்திருக்க மாட்டோம்.

அதனால் தீர்மானத்துக்கு என் யோசனை இது. பெரிய எவர்சில்வர் சூடுகாக்கும் பாத்திரம் இரண்டு, கூட்டமைப்புப் பேரில் வாங்குவோம். ஒரு குழுவுக்குச் சொந்தமாக வேண்டாம், எல்லாக் குழுவுக்கும் பொதுவாக இருக்கட்டும். எடுத்துப் போகிற குழு சின்ன வாடகை கொடுக்கட்டும், பதிவேட்டில் எழுதி, கழுவி, வெயிலில் காயவைத்துத் திருப்பிக் கொடுக்கட்டும். கூடவே உணவுச் சூடு பார்க்கும் கருவி ஒன்று வாங்குவோம். சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும். கிளம்பும்போதும் பரிமாறும்போதும் சூட்டைப் பார்த்து எழுதி வைத்தால், "ஆறிப்போச்சு" என்று யாரும் நம்மிடம் வாய் பேச முடியாது.

பாத்திரம் வாங்கினாலும் மூணு பழக்கம் வேண்டும். சாப்பாடு போடும் முன்னால் கொதிக்கிற தண்ணியை உள்ளே ஊற்றிப் பத்து நிமிஷம் வைத்துக் கொட்டுங்கள், குளிர்ந்த பாத்திரம் சோற்றின் சூட்டைத்தான் முதலில் சாப்பிடும். நிரப்பி வையுங்கள். அடிக்கடி திறக்காதீர்கள். சூடான குழம்பை மெல்லிய பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்காதீர்கள். 2019 ஜனவரி 1 முதல் ஒரு தடவை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை அரசே தடை செய்திருக்கிறது. தூக்கு வாளி கொண்டு வரச் சொல்லுங்கள், நம்ம ஊருக்கு அது புதுசு இல்லை.

கடைசியாக ஒரு கேள்வி

இந்தக் கதையை ஆரம்பத்திலிருந்து பார்த்தால் ஒன்று தெரிகிறது. துரை மேசையில் ஆறாமல் இருக்கத் தட்டு செய்தார்கள். குழந்தைக்குச் செய்தார்கள். அலுவலகத்துக்குப் போகிறவருக்கு அடுக்குப் பாத்திரம் செய்தார்கள். சமைத்தவளுக்காக என்று எந்தப் பாத்திரமாவது செய்தார்களா?

எத்தனை வீட்டில் கடைசியில் சாப்பிடுவது நாம்? எல்லாருக்கும் போட்டுவிட்டு, பாத்திரத்தைத் துலக்கிவிட்டு, அடிச்சட்டியில் ஒட்டியிருக்கிற ஆறிப்போன சோற்றை நின்றுகொண்டே தின்கிறோம். வீட்டுக்காரருக்குச் சூடாக இருக்க வேண்டும் என்று ஹாட் பாக்ஸில் வைத்துக் காத்திருக்கிற கை, தன் பங்கை வெளியே தட்டில் வைத்திருக்கிறது. உப்பளத்துக்குப் போகிற, மீன் ஏலத்துக்குப் போகிற, கட்டட வேலைக்குப் போகிற நம்ம உறுப்பினர்களில் எத்தனை பேர் மதியம் சூடாகச் சாப்பிடுகிறீர்கள் என்று கைதூக்கச் சொன்னால் இந்த மண்டபத்தில் எத்தனை கை வரும் என்று எனக்குத் தெரியும்.

அதனால் தீர்மானத்தோடு இன்னொரு வேண்டுகோளும் வைக்கிறேன். இந்த ஆண்டு ஒவ்வொரு குழுவும் தங்கள் பகுதியில் இரண்டு சூடாறாப்பெட்டியாவது செய்து பார்க்கட்டும். வைக்கோலுக்கும் பழஞ்சேலைக்கும் செலவு இல்லை. வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டுக்கு வந்ததும் சோற்றைக் கொதிக்கவிட்டு அதற்குள் வைத்துவிட்டு, அடுப்பு முன்னால் நிற்காமல் உட்காரட்டும். சோறு வெந்ததும் முதலில் தாங்களே ஒரு வாய் சூடாகச் சாப்பிடட்டும். பிறகு மத்தவங்களுக்குப் போடலாம். ஒரு நாள் அப்படிச் செய்து பாருங்கள். வீட்டில் யாரும் ஒன்றும் குறைந்துவிட மாட்டார்கள்.

சேமிப்பு, கடன், சுழல் நிதி என்று கணக்குப் பார்க்கக் கற்றுக்கொண்ட நாம், நம்ம தட்டின் சூட்டையும் கணக்கில் சேர்த்துக்கொள்வோம். சாப்பாடு பின்னால் தயாராக இருக்கு, சூடு ஆறுவதற்குள் போவோம்.